ஜார்ஜ்டவுனில் நலிந்த தெருவொன்றை எடுத்து நிறுத்துவது எப்படி

உங்கள் தெருவை எப்படியாவது மீட்டெடுக்கவேண்டும் என்று தோன்றியதும் நீங்கள் செய்யப்போகும் முதல் வேலை எனக்குத் தெரியும். ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பீர்கள். இரண்டாவது வேலையாக, எந்தச் சுவரில் என்ன ஓவியம் வரையலாம் என்று அதில் சண்டை போடுவீர்கள். இரண்டையும் ஆறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்து லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் சில ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். தெருவின் பெயர் வேண்டாம். சொன்னால் கடைக்காரர்கள் பாதிப்பேர் "எங்க கடைய ஏன் சொல்லல" என்று வருவார்கள், மீதிப்பேர் "ஏன் சொன்னே" என்று வருவார்கள். நாங்கள் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை நீங்கள் நேராகவே தெரிந்துகொள்ளலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தெரு ஏன் நலிந்தது என்று கேட்டால் "இளசுங்க எல்லாம் வெளிய போயிட்டாங்க" என்பார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று அதற்கு அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

ஜார்ஜ்டவுனுக்கு அந்தக் கதை ஓரளவு தெளிவாக இருக்கிறது. 1969-இல் தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்கு குறைந்தது, சரக்கை நம்பிய படகுக்காரர், மூட்டை தூக்குபவர், வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் வேலை குறைந்தது. 1970-களில் தீவின் தெற்கே பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் எழுந்தன. சம்பளம் அங்கே போனது, சம்பளத்தோடு வீடும் போனது. இவற்றுக்கு அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது: 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களின் வாடகையை அது அடக்கிவைத்திருந்தது. தையல்காரரும் பூக்கட்டுபவரும் நகரத்தின் நடுவிலே குடியிருக்க முடிந்தது அதனால்தான். கூரை ஓடு மாற்றக்கூட வீட்டுக்காரருக்கு மனம் வராமல் போனதும் அதனால்தான். குடியிருப்பவரோ "நம்ம வீடா என்ன" என்று விட்டுவிட்டார். முப்பது ஆண்டு மழை இரண்டு பேரையும் கேட்காமல் உள்ளே வந்தது.

அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் வாடகை கட்டவிழ்ந்தது. பினாங்கில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன்கீழ் இருந்தன. ஒரே வருடத்தில் தெருத்தெருவாகக் குடிபெயர்ந்தார்கள். பிறகு 2008 ஜூலையில் உலகப் பாரம்பரியத் தலம் என்ற யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. காலியாகிவிட்ட வீடுகளை வாங்க வெளியிலிருந்து ஆள் வந்தார்கள்.

ஆக, நம் தெருக்களுக்கு இரண்டு வியாதி. ஒன்று, யாரும் கவனிக்காததால் வந்தது. இன்னொன்று, எல்லோரும் கவனித்ததால் வந்தது. முதல் வியாதிக்குக் கொடுக்கும் மருந்து இரண்டாவதைக் கிளப்பிவிடும். உங்கள் தெருவுக்கு எது அதிகம் என்று தெரியாமல் ஒரு விளக்குக் கம்பம்கூட நடாதீர்கள்.

நான்கு வேளை நடங்கள்

விடியற்காலை ஐந்தரை, மதியம் இரண்டு, இரவு ஒன்பது, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நான்கும் நான்கு வேறு தெருக்கள்.

ஐந்தரைக்கு யார் அஞ்சடியை, அதாவது கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை, கூட்டுகிறார்கள் என்று பாருங்கள். கூட்டுகிறவருக்குத்தான் தெருவின் மேல் உரிமை உணர்வு இருக்கிறது. உங்கள் குழுவின் முதல் உறுப்பினர் அவர். ஒன்பது மணிக்கு அண்ணாந்து பாருங்கள். கீழே கடை நடக்கும், மேலே எத்தனை சன்னலில் வெளிச்சம்? எங்கள் தெருவில் 31 கதவு. முதல் இரவு நான் எண்ணியது மேல்மாடியில் ஏழு விளக்கு. ஞாயிறு மாலை தொழிற்சாலைகளிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருவார்கள். பணம் அனுப்ப, முடிவெட்ட, ஊர்ச் சாப்பாடு சாப்பிட. "கூட்டமா நிக்கிறாங்க" என்று முகம் சுளிக்கும் கடைக்காரரிடமே கேளுங்கள், அவருடைய வாரக் கல்லாவில் பாதி எந்த நாளில் விழுகிறது என்று. இவர்களைக் கணக்கில் சேர்க்காத திட்டம் எதுவும் எங்கள் பக்கம் நிற்காது.

ஒரு நோட்டுப் புத்தகம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். கதவு எண், கீழே என்ன தொழில், எத்தனை ஆண்டாக, மேலே யார், வாடகை எவ்வளவு, காகிதம் உண்டா, எப்போது முடிகிறது, வீட்டுக்காரர் யார், கடைசியாக ஓடு மாற்றியது எப்போது.

வாடகையை முதல் தடவையே யாரும் சொல்லமாட்டார்கள். மூன்றாவது கோப்பிக்கு மேல்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் மாலை கட்டும் அக்கா ஒருவர் எட்டு மாதம் கழித்துச் சொன்னார்; அதுவும் என் கையில் நோட்டு இல்லாத நாளில்.

காலி வீட்டைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. பூட்டியிருந்தால் காலி என்று அர்த்தமில்லை, திறந்திருந்தால் ஆள் இருக்கிறார் என்றும் அர்த்தமில்லை. கதவுக்கடியில் கடிதம் மக்கியிருக்கிறதா? மழைநீர்த் தகரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? முழங்கை நீளம் வளர்ந்திருந்தால் வேர் செங்கல்லுக்குள் போய்விட்டது. அதை வெறுமனே பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். மேல்மாடிச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துச் சின்ன ஓட்டைகள் மட்டும் விட்டிருந்தால் அது ஒரு காலத்தில், கூட்டை எடுத்து விற்பதற்காகக் கூட்டுக் குருவி வளர்த்த வீடு. மரபுடைமைப் பகுதியில் அந்தத் தொழிலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் எச்சமும் ஈரமும் இன்னும் இருக்கும்.

நிலம் யார் பெயரில்

கதவு எண்ணைக் கொண்டு லாட் எண்ணை (மனை எண்ணை) தெரிந்துகொண்டு, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடுதல் போடுங்கள். நம்மவர்கள் 'கிராண்ட்' என்று சொல்லும் நிலப்பட்டாவின் விவரம் கையில் வரும். நான்கு விஷயம் பாருங்கள்: உரிமையாளர் பெயர், நிரந்தர உரிமையா குத்தகையா, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, யாராவது கவியட் (நிலம் கைமாறாமல் தடுக்கும் பதிவு) போட்டிருக்கிறார்களா.

இதை அலட்சியம் செய்யவே கூடாது. 2009-இல் இடிபட்ட கம்போங் புவா பாலாவைப் பினாங்குத் தமிழர்கள் மறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த இடம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. எத்தனை கோயில், எத்தனை தொழுவம், எத்தனை தலைமுறை வாழ்வு இருந்தும், பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை.

நகரத்துக்குள் நீங்கள் தேடும்போது இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். பல வீடுகள் தனியார் சொத்தாகவே இருக்காது. கோயில் அறக்கட்டளை, பள்ளிவாசல் வக்காஃப், சீனக் குலச் சங்கம் என்று பெயர் வரும். இந்து அறநிலையங்களுக்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பினாங்கில் தனி வாரியமே இருக்கிறது. இப்படிப்பட்ட உரிமையாளர் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: நாளைக்கே விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போகமாட்டார். ஆனால் முடிவெடுக்கப் பத்துக் கூட்டம் ஆகும். அந்தக் கூட்டங்களுக்கு உங்களிடம் பொறுமை வேண்டும், கூடவே ஒரு நல்ல சட்டை.

சில பட்டாவில் இறந்துபோன தாத்தாவின் பெயரே இருக்கும். வாரிசு பதினாறு பேர், நான்கு நாட்டில். அந்த வீட்டை நோட்டில் மடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். முதல் ஐந்து ஆண்டில் அங்கே எதுவும் நடக்காது.

வாடகைக் காகிதம்

எங்கள் பெரிய தவறு இங்கேதான்.

எங்கிருந்தோ சிறு நிதி ஒன்று கிடைத்தது. வீடுகளின் பின்னாலுள்ள சந்தினைக் கழுவினோம், கல் பதித்தோம், மஞ்சள் விளக்குப் போட்டோம், தொட்டியில் கறிவேப்பிலை வைத்தோம். படம் எடுத்துப் போட்டபோது ஊரே பாராட்டியது. பதினோராவது மாதம், அந்தச் சந்தினை ஒட்டிய மூன்று வீட்டுக்கு வாடகை ஏறியது. வீட்டுக்காரர் சொன்ன காரணம்: "இப்பதான் இடம் அழகா இருக்கே." அதில் ஒருவர் முப்பது ஆண்டாக அஞ்சடியில் தையல் இயந்திரம் போட்டிருந்தவர். அக்கரையிலிருக்கும் பிறை என்ற ஊருக்குக் குடிபோனார். போகிற அன்று என்னிடம், "தம்பி, விளக்கு நல்லாத்தான் இருந்துச்சி. அந்த வெளிச்சத்துல சாமான் ஏத்த வசதியா இருந்துச்சி" என்றார். கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இப்போது எங்கள் வரிசை வேறு. முதலில் காகிதம், பிறகு கல்லும் விளக்கும்.

நாட்டின் நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்டது குத்தகை. அதைப் பட்டாவில் பதிந்தாகவேண்டும். மூன்று ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் பதிவு தேவையில்லை. இந்தச் சலுகையில்தான் ஆபத்து இருக்கிறது. பதியாத வாடகை ஒப்பந்தம், வீடு கைமாறினால் புது முதலாளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தக் குறுகிய வாடகையையும் பட்டாவின்மேல் குறிப்பாக ஏற்றிவைக்கலாம். அப்படி ஏற்றிவிட்டால் வாங்குகிறவர் அதோடு சேர்த்துத்தான் வாங்கவேண்டும். இப்படி ஒரு வழி இருப்பது எங்கள் தெருவில் 31 பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது, ஒரு இளம் வழக்கறிஞர் சொல்லும்வரை. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டியிருக்கவேண்டும்; முத்திரையில்லாத காகிதத்தைக் கோர்ட்டில் நீட்டமுடியாது. தெருவுக்கு ஒரு நாள் வழக்கறிஞரைக் கூட்டிவந்து அஞ்சடியில் மேசை போட்டு உட்காரவையுங்கள். செலவு ஒரு சுவரோவியத்தைவிடக் குறைவு.

பழுதுபார்க்க நிதி கிடைத்தால் அதை வெறுங்கையோடு கொடுக்காதீர்கள். "கூரைக்குப் பாதிச் செலவு நாங்கள், பதிலுக்கு இருக்கிற குடித்தனக்காரருக்கு இத்தனை ஆண்டு, இந்த வாடகை" என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுக்கிற வீட்டுக்காரர் உங்களுக்கு ஒரு தகவல் தருகிறார்: வீட்டை விற்கப்போகிறார்.

கூட்டம் போடுவது

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டோம். எட்டுப் பேர் வந்தார்கள், ஆறு பேர் வெளியாட்கள். இரவு பத்தரைக்கு, கடை அடைத்தபின், கோப்பிக் கடையில் போட்டபோது நாற்பது பேர். மலாயும் தமிழும் ஹொக்கியன் சீனமும் கலந்து ஓடும். குறிப்பெடுக்க ஹொக்கியன் தெரிந்த ஒருவர் வேண்டும். முறைப்படி சங்கமாகப் பதியவேண்டுமென்றால் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஏழு பேர் போதும். பணம் கையில் வரும்வரை அவசரமில்லை.

கட்டடம்: மேலிருந்து கீழே

எந்த வீட்டிலும் முதல் ரிங்கிட் கூரைக்கு. உடைந்த ஓடு வழியாக இறங்கும் தண்ணீர், மரச்சட்டம் சுவரில் உட்காரும் இடத்தைத்தான் முதலில் அரிக்கும். கடைவீடுகளுக்குச் சுவர் பொது. உங்கள் ஓட்டை, பக்கத்து வீட்டுக்காரரின் சட்டத்தையும் சேர்த்துத் தின்னும். அதனால் ஒரு வீட்டை மட்டும் எடுக்காமல் அடுத்தடுத்த மூன்று நான்கு வீடுகளாகச் சேர்த்து எடுங்கள். சாரம் கட்டும் செலவும் குறையும். கூரை வேலைக்கு ஜனவரி, பிப்ரவரி. செப்டம்பருக்கு மேல் கூரையைப் பிரித்தால் நாள்முழுக்கத் தார்ப்பாய் பிடிக்க ஆள் வைக்கவேண்டியிருக்கும்.

அடுத்தது மின்கம்பி. மரத் தளம், மரப் படி, நாற்பது ஆண்டுக் கம்பி. இதை எழுதவே பயமாக இருக்கிறது. பெயின்டுக்கு முன் இதைச் செய்யுங்கள்.

பிறகுதான் சுவர். ஒரு ஐம்பது காசை எடுத்து, தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. மண்பானையைத் தட்டியதுபோல் வெற்றொலி வந்தால், பழைய செங்கல்லின்மேல் யாரோ சிமெண்டு பூசியிருக்கிறார்கள், அது கழன்றுவிட்டது. இந்த வீடுகளின் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து, காற்றில் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வாயை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தேங்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். "ஸ்ட்ராங்கா இருக்கும் பாஸ்" என்று சிமெண்டுக் கலவையோடு வருகிற கொத்தனாரைக் கோப்பி வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

சுண்ணாம்பு நமக்கு ஒன்றும் புதிதல்ல. சென்னைப் பூச்சு என்று சொல்வார்களே, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து வழவழவென்று தேய்ப்பது, அது நம் ஊர்க் கொத்தர்களோடு கடல் தாண்டி வந்தது. செய்யத் தெரிந்தவர் இன்றைக்குக் குறைவு, கூலியும் கூடுதல். சுவரை நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாகப் பூசவேண்டும், வெயில் நேராகப் பட்டு அவசரமாகக் காயாமல் ஈரச்சாக்குத் தொங்கவிடவேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் காத்திருக்கவேண்டும். காத்திருக்க முடியாத ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நடு முற்றத்தைத் தகரம் போட்டு மூடியிருப்பார்கள். ஒரு அறை கிடைத்தது என்ற சந்தோஷத்தில் வீட்டின் மூச்சை அடைத்த கதை. முடிந்தால் திறக்கவைத்துவிடுங்கள்.

அனுமதி

உங்கள் வீடு யுனெஸ்கோ எல்லைக்குள் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். கட்டடங்களை வகை பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான கடைவீடுகள் இரண்டாம் வகை. முகப்பு, கூரை வடிவம், அஞ்சடி ஆகியவற்றைக் காக்கவேண்டும். புதிதாகக் கட்டினால் 18 மீட்டருக்கு மேல் போகமுடியாது. பினாங்கு மாநகர் கழகத்தில் வரைபடம் கொடுக்குமுன், மரபுடைமைப் பிரிவு அதிகாரியிடம் பேச்சுவாக்கில் ஒரு முறை காட்டிவிடுங்கள். மூன்று மாதம் மிச்சமாகும்.

குடியிருந்த வீட்டை ஹோட்டலாக மாற்றுவதற்கும் திட்டமிடல் அனுமதி வேண்டும். இது உங்களுக்குத் தடை என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவில் யார் எதற்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவும், நேரத்தோடு எதிர்ப்பை எழுதிக் கொடுக்கவும் இதுவே வாசல். நோட்டில் இருக்கிற எண்ணிக்கையோடு எழுதும் கடிதத்துக்குத் தனி மரியாதை உண்டு.

கோலாலம்பூரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே சட்டமே வேறு, 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். அடுக்குமாடி வீடென்றால் ஸ்ட்ராட்டா சட்டமும் கூடவே வரும். இந்தப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவாக அலங்கரிக்கப்பட்டபோது வளைவுக்கும் விளக்குக்கும் கிடைத்த கவனத்தில் பாதி, மேல்மாடியில் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்ததா என்று அங்கிருப்பவர்களைத்தான் கேட்கவேண்டும்.

எந்தக் கடை வரவேண்டும்

2012-இல் ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகள் ஓவியம் வந்தபிறகு, எல்லாத் தெருவுக்கும் ஓர் ஓவியம் வேண்டும் என்ற ஆசை வந்தது. ஓவியத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. படம் எடுக்க வருகிறவர் ஐஸ்கிரீம் வாங்குவார். கருவாடு வாங்கமாட்டார், சட்டை தைக்கக் கொடுக்கமாட்டார் என்பதுதான் விஷயம்.

எங்களிடம் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. சளி பிடித்த ஒரு பாட்டி, தெருவைவிட்டு வெளியே போகாமல் ஒரு வாரம் சமாளிக்க முடியுமா? மளிகை, மருந்து, கோப்பி, காய், எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்), முடிவெட்டும் இடம். இதில் எது காலியானாலும் அடுத்துக் காலியாகும் கடைக்கு அதையே கொண்டுவரப் பாருங்கள். கஃபே தானாக வரும். அதற்கு நீங்கள் வேண்டியதில்லை.

தேர் போகுமா

எந்தத் தெரு வடிவமைப்பையும் நாள்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் வெள்ளித் தேர் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. தங்கத் தேர் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து 2017 முதல். எங்கள் வரைபடத்தைச் செய்துகொடுத்த கட்டடக்கலை மாணவர்கள், தெரு முனையில் கார் ஏறாமலிருக்க அழகான இரும்புக் குத்துக்கால் ஐந்து வைத்திருந்தார்கள். மாலைக்கடை அக்கா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாமி எந்தப் பக்கமா போவும்?" என்று கேட்டார். அறையில் யாரிடமும் பதில் இல்லை. இப்போது அவை கழற்றிவைக்கும் குத்துக்கால்கள். சாவி அக்காவிடம் இருக்கிறது. தேங்காய் உடைக்கும் இடத்தில் வடிகால் மூடி எது, விளக்கு வயர் எவ்வளவு உயரம், தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று அவரே நடந்து காட்டினார்.

நிரந்தரமாக எதையும் பதிக்குமுன் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு மாதம் விட்டுப்பாருங்கள். சரக்கு லாரிக்காரர் முதல் நாளே வந்து கத்துவார். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஓராண்டு கழித்து

அதே நோட்டு, அதே நான்கு வேளை. இந்த முறை சிவப்பு மை. போன வருடப் பதிலுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: அதே ஆள் இருக்கிறாரா, வாடகை எவ்வளவு, மேலே விளக்கு எரிகிறதா. நிதி கொடுத்தவர்களுக்குப் படம் அனுப்புங்கள், கூடவே இந்தப் பக்கங்களையும் அனுப்புங்கள்.

எங்கள் தெருவில் ஏழு விளக்கு, இரண்டாம் ஆண்டு ஆறாகியிருந்தது. போன டிசம்பரில் ஒன்பது மணிக்கு எண்ணியபோது பதினொன்று. அதில் இரண்டு ஹோட்டல் அறைகள் என்பதால் அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன்.